உஷார்! உயிர்த்தோழனோடு தீவுக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்!

டிக்கெட் போட்டாச்சா? ரூம் சொல்லியாச்சா? நல்லது. ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள். இதை முழுசாகப் படியுங்கள். அப்புறம் பெட்டியைக் கட்டலாம்.

கிணற்றில் நீந்தத் தெரிந்தவனுக்குக் கடலில் நீந்தத் தெரியாது!

இடுப்பளவு தண்ணீரில்கூட ஆள் போய்விடும்!

அலை இல்லாத இடம்தான் ஆளை இழுக்கும் இடம்!

முழுகுகிற நண்பனைக் காப்பாற்றக் குதித்தால் இரண்டு உயிரும் போகலாம்!

இந்த நாலும் உங்களுக்குத் தெரியுமா? "தெரியும்" என்று சொல்கிறவர்களை நம்ம பக்கத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன்.

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம், கழுகுமலை. இது கரிசல் சீமை. வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர். இல்லையென்றால் வெடித்த நிலம். கம்பும் உளுந்தும் பருத்தியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். தூத்துக்குடி ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும்தான். ஆனாலும் நாம் கடற்கரை மக்கள் இல்லை. திருச்செந்தூரில் முழுக்குப் போட்டதும், குற்றாலத்தில் தலையைக் கொடுத்ததும்தான் நமக்குத் தெரிந்த தண்ணீர்.

இப்போது காலம் மாறிவிட்டது. மதுரையிலோ தூத்துக்குடியிலோ விமானம் ஏறினால் சென்னை. அங்கிருந்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் அந்தமான். கொஞ்சம் வசதி இருந்தால் மாலத்தீவு, பாலி, புக்கெட். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், சீட்டுப் பணம் எடுத்ததும், "கல்யாணத்துக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் ஒரு தடவை போயிட்டு வந்துருவோம்லே" என்று கிளம்புகிறார்கள். போகட்டும். உழைக்கிற பிள்ளைகள். நாலு நாள் சந்தோஷமாக இருக்கட்டும். வேண்டாம் என்று தடுக்க நான் வரவில்லை.

ஆனால் கண் தெரியாமல் போகாதீர்கள்!

என்ன நடந்தது தெரியுமா?

நம்ம பக்கத்துப் பையன்கள்தான். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஒருவனுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன்னால் தீவுக்குப் போனார்கள்.

இன்னொருவன் நல்ல நீச்சல்காரன். பம்புசெட் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடி மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறவன். மாப்பிள்ளைப் பையனுக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

போய் இறங்கி ஊரெல்லாம் சுற்றினார்கள். ஒருநாள் காலையில் கடற்கரைக்குப் போனார்கள். ஓரிடத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. அங்கே அலை பெரிதாக உடைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஓரிடம் மட்டும் அலையே இல்லாமல் அமைதியாக இருந்தது.

"அங்க பாருலே. அலையே இல்ல. அங்கன குளிப்போம்."

"எனக்குத்தான் நீச்சல் தெரியாதே."

"இடுப்பளவுதான. நான் இருக்கேம்லா. வாலே."

இந்த "நான் இருக்கேம்லா" என்ற வார்த்தைதான் அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

இடுப்பளவில்தான் நின்றார்கள். காலடியில் மணல் நழுவியது. நீச்சல்காரன் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். மாப்பிள்ளைப் பையன் நாலைந்து ஆள் தூரத்தில் இருக்கிறான். முகம் வானத்தைப் பார்த்து இருக்கிறது. சத்தம் இல்லை. கை தூக்கவில்லை. "விளையாடுதான்" என்று இவன் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அவன் விளையாடவில்லை. முழுகிக்கொண்டிருந்தான்!

புரிந்ததும் பாய்ந்து போனான். பக்கத்தில் போனதுதான் தாமதம். நண்பன் இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஏறி மிதித்தான். இவன் விடுவிக்கப் பார்க்கிறான், அவன் விடமாட்டேன் என்கிறான். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். கரை தள்ளித் தள்ளிப் போகிறது. கரையைப் பார்த்து எவ்வளவு கைபோட்டாலும் ஒரு அடி நகரவில்லை.

நல்ல வேளை. முங்குநீச்சல் (ஸ்கூபா டைவிங்) சொல்லித் தரும் ஆட்கள் கரையில் இருந்தார்கள். அவர்கள் வெறுங்கையோடு குதிக்கவில்லை. மிதவை வளையத்தோடு வந்தார்கள். இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளைப் பையனுக்கு மூச்சு இல்லை. வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்கி மூச்சைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் படகு, பெரிய தீவு, ஆஸ்பத்திரி, செயற்கை மூச்சு. நுரையீரலில் உப்புத் தண்ணீர் போய் நிமோனியா. ஊரிலிருந்து அப்பா நகையை அடகு வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

பிழைத்தான். கல்யாணம் தள்ளிப்போய் நடந்தது. ஆனால் அந்த நீச்சல்காரப் பையன் இன்றைக்கும் சரியாகத் தூங்குவதில்லை. "அவன் மூழ்குறது தெரியாம சிரிச்சுக்கிட்டு நின்னேன்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். அவனைப் பெற்ற தாயிடம் போய்ப் பேசிப் பாருங்கள். வயிறு கலங்கிவிடும்.

இவர்களுக்கு மிதவை வளையம் வந்தது. உங்களுக்கு வரும் என்று யார் சொன்னது?

அந்த அமைதியான இடம் ஏன் ஆபத்து?

இதை நிதானமாகப் படியுங்கள். உயிர் காக்கிற விஷயம்.

அலை ஓயாமல் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? திரும்பிக் கடலுக்குள் போக ஒரு வழி தேடும். மணல் திட்டுக்கு நடுவே ஆழமான ஓர் ஓடை கிடைத்தால், கண்மாயில் மடையைத் திறந்துவிட்டது மாதிரி அத்தனை தண்ணீரும் அந்த வழியே பாய்ந்து வெளியேறும். ஆழமான இடத்தில் அலை உடையாது. அதனால் மேலே பார்க்கும்போது அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடையும். நடுவில் மட்டும் கறுத்து, சாந்தமாக இருக்கும்.

கடல் தெரியாதவன் அந்த இடத்தைத்தான் தேடிப் போவான்!

அந்த நீரோட்டம் வேகம் பிடித்தால் விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேலும் ஓடும். ஒலிம்பிக் நீச்சல் வீரனே எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாத வேகம் அது. உங்கள் கிணற்று நீச்சல் எந்த மூலைக்கு? கிணற்றில் நாலு கை போட்டால் சுவர். சுவரைப் பிடித்தால் படி. கடலில் சுவரும் இல்லை, படியும் இல்லை.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். அந்த நீரோட்டம் ஆளை அடிக்கு இழுக்காது. வெளியேதான் இழுத்துக்கொண்டு போகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்தி, கை சோர்ந்து, பயந்துதான் ஆள் முழுகுகிறான். எதிர்க்காதீர்கள். மல்லாந்து மிதந்தபடி இருங்கள். கொஞ்ச தூரத்தில் இழுவை தணிந்துவிடும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து கரையேறுங்கள். முடியவில்லையா? மிதந்தபடியே ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள்.

முழுகுகிறவன் கத்த மாட்டான்!

சினிமாவில் காட்டுவார்கள். "காப்பாத்துங்க" என்று கத்துவான், இரண்டு கையையும் ஆட்டுவான். நம்பாதீர்கள். நிஜத்தில் முழுகுகிறவனுக்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது. கத்துவதற்கு மூச்சு எங்கே? வாய் தண்ணீருக்கு மேலே வரும், உள்ளே போகும். கைகள் தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். தூக்கி ஆட்ட முடியாது. தலை பின்னால் சாய்ந்திருக்கும். இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோகும். நீங்கள் செல்போனில் ஒரு படம் எடுத்துச் சரிபார்க்கிற நேரம்தான்.

பக்கத்தில் நிற்கிறவன் சத்தமில்லாமல் இருக்கிறானா? "டேய், நல்லாருக்கியா?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? அரை நிமிஷத்தில் ஏதாவது செய்தாக வேண்டும்.

படித்தவர்களுக்கும் இதே கதிதான்!

"நாங்க விவரமானவங்க" என்கிறீர்களா? 2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம், கணபதிபுரம் லெமூர் கடற்கரை. நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் கூட்டமாகக் கடலுக்குப் போனார்கள். ஐந்து பேர் திரும்பவில்லை. ஐந்து உயிர்! நாளைக்கு ஊர் உயிரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளைகள்.

அன்றைக்குக் கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடல் எச்சரிக்கை. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல்காற்று கிளப்பிவிட்ட அலை, நாலைந்து நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது. மழை இருக்காது. வானம் தெளிவாக இருக்கும். திடீரென்று கடல் பொங்கி ஆளை வாரிக்கொண்டு போகும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அதைப் பார்க்காமல் எந்தக் கடலிலும் காலை வைக்காதீர்கள்.

வானம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கடல் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்!

படகில் ஏறும் முன்னால் எண்ணுங்கள்!

தீவு என்றால் படகு. படகு இல்லாமல் தீவுப் பயணம் இல்லை. அதனால் இதைக் கட்டாயம் படியுங்கள்.

2014 ஜனவரி 26. குடியரசு தினம். அந்தமானில் போர்ட் பிளேர் பக்கத்தில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள், காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். புயல் இல்லை, மழைக்காலம் இல்லை. ஏற்ற வேண்டியதைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள்.

2009 செப்டம்பர் 30. தேக்கடி. நம்ம ஆட்கள் ஆண்டுதோறும் வேன் பிடித்துப் போகிற இடம்தான். மாடிப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிகிறது என்று ஒரே பக்கமாக ஆட்கள் போனதும், படகு சாய்ந்ததும் அன்றைக்குப் பேசப்பட்டது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2017 பிப்ரவரி 26. நம்ம தூத்துக்குடி மாவட்டம், மணப்பாடு. மீன்பிடிப் படகில் உல்லாசமாகக் கடலுக்குள் போனவர்கள். படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளுமாக ஒன்பது பேருக்குக் குறையாமல் மாண்டுபோனார்கள்.

மூன்றிலும் காரணத்தைப் பாருங்கள். பாரம், அவசரம், "ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்பு.

படகில் ஏறும் முன்னால் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள். ஏறியிருக்கும் தலைகளை எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் இறங்குங்கள். கொடுத்த காசு போனால் போகட்டும். உயிர்காப்புச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போஸ் கொடுக்காதீர்கள். போடுங்கள். எல்லாக் கொக்கியையும் மாட்டுங்கள். சட்டையின் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கும்படி நண்பனிடம் சொல்லுங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் அது மட்டும் மிதக்கும், நீங்கள் மிதக்க மாட்டீர்கள்.

தூரத் தீவு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள்!

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று நாலு கூட்டமாக. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். அங்கே நினைத்தபடி இறங்க யாருக்கும் உரிமை இல்லை. வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் விளாத்திகுளம் பக்கத்துப் பையன்கள் சிலர், தெரிந்த ஆளிடம் காசு கொடுத்து மீன்பிடி வள்ளத்தில் ரகசியமாகப் போகலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது! திருட்டுத்தனமாகப் போகிறவன் யாரிடமும் சொல்லிவிட்டுப் போக மாட்டான். வள்ளம் கவிழ்ந்தால் உங்களை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது. பிடிபட்டால் வழக்கு. கல்லூரிப் பிள்ளைக்கு வழக்கு என்றால் வேலை, பாஸ்போர்ட் எல்லாமே இடிக்கும்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால் உடனே நில்லுங்கள்!

1. சிவப்புக் கொடி. எதற்காகக் கட்டினார்கள் என்று யோசிக்க வேண்டாம். இறங்காதீர்கள்.

2. இரண்டு பக்கமும் அலை உடைகிறது, நடுவில் மட்டும் உடையவில்லை. நுரையும் பாசியும் கலங்கல் மண்ணும் கடலை நோக்கிப் போகின்றன. அது இழுவை ஓடும் இடம்.

3. உள்ளூர் ஆள் ஒருவர்கூடக் குளிக்கவில்லை. காரணம் இல்லாமல் இருக்காது. கேளுங்கள். அந்தமானில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

4. முதலை எச்சரிக்கைப் பலகை. சிரிக்காதீர்கள்! அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் ஹேவ்லாக் தீவில் கடலில் இறங்கிய வெளிநாட்டுப் பெண் ஒருவரை முதலை கொன்றது. ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காடு, இருட்டிய நேரம், மூன்றும் ஆகாது. டிசம்பர், ஜனவரியில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். நம்ம ஊர்க் கணக்கில் ஆறரைவரை தண்ணீரில் நிற்காதீர்கள்.

5. படகுக்காரர் சட்டை தரவில்லை. அல்லது "பக்கம்தான், சட்டை எதுக்கு" என்கிறார். அடுத்த படகைப் பாருங்கள்.

6. முங்குநீச்சலுக்குக் கூட்டிப்போகிறவர் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அடைப்பு, சளி இருந்தால் அது உயிருக்கே வினை. படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

7. நண்பன் குடித்திருக்கிறான். ஒரே ஒரு பாட்டிலாக இருக்கட்டும். குடித்தவனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் விடாதீர்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை.

8. "நான் இருக்கேம்லா", "பயந்தாங்கொள்ளி", "ஒரு ரீல்ஸ் மட்டும்". இந்த மூன்றில் எந்தப் பேச்சு காதில் விழுந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். இதுதான் எல்லா அறிகுறியிலும் பெரிய அறிகுறி!

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்!

மே மாதம் நம்ம பக்கம் தீயாய்க் கொளுத்தும். பள்ளிக்கூட லீவு. அப்போதுதான் தீவுக்குக் கிளம்புகிறார்கள். ஆனால் தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் கால் வைப்பது அந்தமான் கடலில். மே மூன்றாம் வாரத்திலேயே தொடங்கிவிடும். இங்கே வெயில் என்றால் அங்கேயும் வெயில் என்று கணக்குப் போடாதீர்கள். 2016 டிசம்பரில் புயல் சின்னம் உருவாகி, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் போய்த்தான் மீட்டது. திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள்வரை சின்னத் தீவில் இருக்காதீர்கள். ஒரு நாள் கையிருப்பு வையுங்கள்.

கடைசி நாள் முங்குநீச்சல், மறுநாள் விடிகாலை விமானம் என்று திட்டம் போட்டிருக்கிறீர்களா? மாற்றுங்கள்! ஆழத்தில் அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அது வெளியேறும் முன்னால் உயரப் பறந்தால் குமிழ் குமிழாகக் கிளம்பி மூட்டு, நரம்பு, மூளை என்று எங்கேயும் அடைக்கும். குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது.

வெறுங்காலோடு பவளப்பாறையில் நடக்காதீர்கள். அழகாக இருக்கிறது என்று சங்கைக் கையில் எடுக்காதீர்கள். கூம்பு வடிவச் சங்கு சிலவற்றுக்குள் இருக்கும் உயிரி கொட்டினால் ஆளையே கொல்லும். பவளத்துண்டு, பாதுகாக்கப்பட்ட சங்கு எதையாவது பெட்டியில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து தேடுவார்கள்.

நண்பன் முழுகினால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் என்ன செய்யக் கூடாது என்று சொல்கிறேன்.

குதிக்காதே!

இது கல்நெஞ்சுப் பேச்சு இல்லை. உலகம் முழுக்க நீர் மீட்புப் பயிற்சியில் முதல் பாடமே இதுதான். முழுகுகிறவனுக்கு நண்பன், அண்ணன் என்ற நினைப்பு இருக்காது. கையில் கிடைத்ததைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பான். அது உங்கள் தலையாக இருந்தாலும் மிதித்து ஏறுவான். ஒருவன் முழுகினான், காப்பாற்றப் போனவனும் முழுகினான் என்று நம்ம பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! கல்குவாரிக் குட்டையில், கண்மாயில், தாமிரபரணியில். ஒரே தெருவில் இரண்டு பந்தல்.

அப்படியானால்?

கத்துங்கள். ஊரைக் கூட்டுங்கள். உயிர்காப்பாளர் இருந்தால் அவரை அழையுங்கள்.

வீசுங்கள். மிதவை வளையம், காலித் தண்ணீர் கேன், தெர்மாகோல் பெட்டி, மூடி போட்ட காலிக் குடம், உயிர்காப்புச் சட்டை. மிதக்கும் எதையும் அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வீசுங்கள்.

நீட்டுங்கள். கம்பு, கயிறு, வேட்டி, துப்பட்டா. நீட்டும்போது நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்களையும் இழுத்துவிடுவான்.

அழையுங்கள். நம் நாட்டுக்குள் என்றால் 112. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554. வெளிநாட்டுத் தீவு என்றால் அந்த நாட்டு அவசர எண்ணைக் கிளம்பும் முன்னாலேயே போனில் பதிந்து வையுங்கள்.

கரையில் போட்டதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். நம்ம ஊரில் காலங்காலமாகச் செய்கிறார்கள். தப்பு! போகிற நேரமும் போய்விடும். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழலில் ஏறும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அப்புறம் நடு நெஞ்சில் 30 அமுக்கு, 2 ஊதல். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லலே" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் உள்ளே போன நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகும்.

கிளம்பும் முன்னால் இரண்டு பேரும் பேசி வையுங்கள்!

இரண்டே பேராகப் போகிறீர்கள். அங்கே அம்மா கிடையாது, சித்தப்பா கிடையாது. உனக்கு அவன் காவல், அவனுக்கு நீ காவல். அந்தக் காவலை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

ஒருவன் "வேண்டாம்லே" என்றால் மற்றவன் மறுபேச்சுப் பேசக் கூடாது. இதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். உசுப்பேற்றுகிறவன் நண்பன் இல்லை. நீச்சல் தெரியாதவனுக்குத் தண்ணீர் முழங்காலோடு சரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். ஒருவன் இறங்கினால் மற்றவன் கரையில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது.

ஊரில் மூன்றாவதாக ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தீவு, எந்த அறை, எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். ராத்திரி எட்டு மணிக்குள் போன் வரவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும். வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். திட்டு வாங்கினால் உயிர் போகாது.

பயணக் காப்பீடு எடுங்கள். அது முங்குநீச்சலுக்கும் செல்லுமா என்று கேட்டு எடுங்கள். சில காப்பீடுகள் அதற்குச் செல்லாது.

நேரம் இருந்தால் நீச்சல் படியுங்கள். பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் அரசு விளையாட்டரங்க நீச்சல் குளம் இருக்கிறது. வேகமாக நீந்த வேண்டாம். பயப்படாமல் மல்லாந்து மிதக்கப் படித்தால் போதும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். தோழிகளாகத் தீவுக்குப் போகிற காலம் இது. சேலையிலும் சுடிதாரிலும் கடலில் இறங்கினால் துணி நனைந்து காலைக் கட்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

இந்தியாவில் ஓர் ஆண்டில் தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். அத்தனை பேர் வீட்டிலும் "நம்ம பிள்ளைக்கு அப்படி ஆகாது" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வீட்டில் வயசுப் பிள்ளை இருக்கிறதா? இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது இதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் சேக்காளி முங்குறான். நீ என்ன செய்வே?"

"குதிப்பேன்" என்று சொன்னால், மறுபடியும் முதலிலிருந்து வாசியுங்கள்.